பரீட்சை மாதத்துக் கேபிள்காரன்

ஊரில் பிள்ளைகள் ஃபெயிலானால் வாத்தியாருக்கு முன்பே திட்டு வாங்குகிறவன் கேபிள்காரன். தொண்ணூறுகளில் ராஜபாளையத்திலிருந்து தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நாலு தெருவுக்குக் கேபிள் கொடுத்துக்கொண்டிருந்தேன். டி.வி.யையும் பிளஸ் டூ பிள்ளையையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளித்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

கழற்று

ஜவுளிக்கடை பாய் மாசி வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். மகள் சபீனாவுக்கு அடுத்த மாதம் பரீட்சை. புத்தகம் மடியில், கண் டி.வி.யில் என்று உட்கார்ந்திருக்கிறாளாம். மார்க் குறைந்தால் காலேஜ் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "கம்பத்துல ஏறி வயரைக் கழட்டி விடுங்க தம்பி. டி.வி. தூங்குனாத்தான் இவ முழிப்பா" என்றார்.

மாட்டு

மறுநாள் பாய் கடைக்குப் போனதும் அவர் மனைவி என்னை வாசலில் மடக்கினார். கணவருக்குத் தெரியாமல் மத்தியானம் மட்டும் இணைப்பு வேண்டுமாம். மத்தியானம் மாட்டி, சாயங்காலம் கழற்றி, நான் கம்பத்திலேயே குடியிருந்தேன். எதற்கு இந்தத் திருட்டுத்தனம் என்றால், "அவ பள்ளிக்கூடத்துலதான இருக்கா? நாடகத்துல அந்தப் பிள்ளை மாமியார்ட்ட எம்புட்டுப் பாடு படுது! பாதியில விட்டுட்டு எப்படி இருக்கது?"

ஞாயிற்றுக்கிழமை

பாயே ஆள் விட்டார். கிரிக்கெட் மேட்ச். அன்று ஒரு நாள் மட்டும் வயரை மாட்ட வேண்டும். டி.வி. சத்தத்தை ஒழுங்காக அடைத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் விக்கெட் விழுந்தால் அவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் போட்ட கூச்சல் பிளவக்கல் அணை வரை கேட்டிருக்கும். முறைத்துப் பார்த்த என்னிடம், "சத்தமில்லாமத்தான பாக்கேன்? படிக்கிற பிள்ளைக்கு இதுல என்ன இடைஞ்சல்?"

மொட்டை மாடி

வயரைச் சரிசெய்ய மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் சபீனா, காதைப் பொத்திக்கொண்டு கெமிஸ்ட்ரி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. "கண்ணை மூடுனா பாடம் வரமாட்டேங்குண்ணே, சோப்பு விளம்பரம்தான் முழுசா வருது. எனக்கும் டி.வி.ன்னா ஆசைதான். ஆனா நான் பாக்காம இருந்துருவேன். எங்க அத்தாவையும் அம்மாவையும் யாரு அடக்குறது?"

பழுது

ஒரு வீட்டை மட்டும் நிறுத்தினால் அடுத்த வீட்டில் போய் உட்காருவார்கள். அதனால் தெருவுக்கே நிறுத்தினேன். ஆம்ப்ளிஃபையர் புகைந்துவிட்டது, மதுரையிலிருந்து புதுசு வர வேண்டும் என்று கூசாமல் புளுகினேன். பரீட்சை முடிகிற வரை அது வரவே இல்லை. தெருவே என் பரம்பரையைத் திட்டித் தீர்த்தது.

சபீனாவுக்கு மதுரைக் காலேஜில் இடம் கிடைத்தது. பாய் எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "எல்லாம் நான் கண்டிச்சு வளத்தது தம்பி. ஆமா, இன்னைக்கு மேட்ச் எத்தனை மணிக்கு?"

டி.வி. பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெரியவர்கள் கவலைப்படுவது விளம்பர இடைவேளையில் மட்டும்தான் என்பது நான் கம்பத்தில் தொங்கிக் கற்ற பாடம்.