தப்பே விடாத ஆள்

போன வாரம் மரக்காணம் தாண்டும்போது கார்க் கண்ணாடியை இறக்கினேன். உப்பளத்துச் சேற்று வாடை குப்பென்று அடித்தது. நல்ல வாசனை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்தாலே சகாயம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நாங்கள் இருவரும் புதுச்சேரியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தோம். அவன் மரக்காணத்தில் பஸ் ஏறி எனக்கும் சீட் பிடித்து வைப்பான். நான் கீழ்புத்துப்பட்டில் ஏறுவேன். அவன் அம்மாவுக்கு உப்பளக் கூலி. மழைக்காலத்தில் அதுவும் கிடையாது, வீடே அவன் சம்பளத்தை நம்பித்தான் ஓடியது.

புரோகிராமை முதலில் நான் சோதிப்பேன், பிறகு அவன் மறுபடி சோதிப்பான். அப்புறம்தான் வாடிக்கையாளருக்குப் போகும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், இந்த வேலைமுறையில் பிழை நழுவாது என்று கணக்குப்படி நிரூபிக்கச் சொன்னார். சகாயத்துக்குக் கொண்டாட்டம், காலேஜில் படித்த வித்தையாயிற்றே! ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வட்டம், நடுவே அம்புகள். வேலை எந்தெந்த வழியில் நகரலாம் என்று அத்தனையையும் கம்ப்யூட்டரே நடந்து பார்த்துச் சொல்லும். பஸ் டிக்கெட்டின் பின்னால்கூட வட்டம் போட்டான், மகராசன்.

நிரூபித்தும் விட்டான். மேனேஜர் படத்தைப் பார்த்து, "ரெண்டாவது சோதனைய எடுத்துட்டு ஓட்டிப் பாரு" என்றார். ஓட்டினான். அப்போதும் பிழை நழுவவில்லை.

"அப்ப அந்த ரெண்டாவது ஆள் எதுக்குப்பா?"

அந்த ஆள் சகாயம்தான். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தால், நான் சோதிக்கும் வட்டத்துக்குள் வரும் எந்தப் பிழையும் தப்பாது என்று எழுதி வைத்திருக்கிறான்!

"டேய், நான் என்ன கடவுளா? கோட்ட விடுவேன்னு எழுதுடா. ஒன் வேல நிக்கும்."

"எங்கடா விட்ட? இத்தினி நாளா ஒங்கிட்டேர்ந்து ஒண்ணு தப்பி வந்ததில்ல. இல்லாதத எப்பிடி எழுதறது?"

"வேல போவுதுடா!"

"போவட்டும். ஒம்மேல பொய் எழுத மாட்டேன்."

நானே மேனேஜரிடம் போய், "சார், நான் தப்பு விடுவேன்" என்றேன். "ரொம்ப அடக்கம்பா ஒனக்கு" என்று சிரித்தார். அந்த மாதமே சகாயத்தை அனுப்பிவிட்டார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் நின்றது. கிடைத்த வேலைக்குத் துபாய் போனான், ஒரு கிடங்கில் மூட்டை எண்ண. திரும்பி வந்தது பெட்டியில்தான். மாதா கோயில் கல்லறையில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அந்தக் கம்பெனி இன்றைக்கு இல்லை. வேறெங்கோ வேலை பார்க்கிறேன், என் வேலையை நாலு பேர் சரிபார்க்கிறார்கள். நான் தப்பு விடுவேன் என்று நாலு பேருக்கும் தெரியும். அதுதான் முறை, குறை சொல்லவில்லை. நான் தப்பே விட மாட்டேன் என்று சத்தியம் செய்ய ஒருவன் இருந்தான், அவ்வளவுதான்.