பதினேழாவது விரல்

பியானோ தேர்வுக்கு சொனாட்டா இசைக்குறிப்புப் புத்தகம் வாங்கும்போது, கைலாசபுரத்துத் தோழி நான்சி சொன்னாள்: "எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல்னு நம்பர் போட்ட பதிப்பை வாங்குடி."

"அதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு" என்று, எண்களே இல்லாத பதிப்பை வாங்கினேன். தேர்வு நெருங்கும்போது கடைசிப் பக்கத்தில் விரல்கள் பின்னிக்கொண்டன. நான்சியிடம் கேட்க ரோஷம் விடவில்லை. என்னவென்று கேட்ட அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்: "நான்சி புக்ல விரல் நம்பர் இருக்கு, இதுல இல்ல. உனக்குப் புரியாதும்மா!"

மறுநாள் கல்லூரி முடிந்து ஸ்ரீரங்கம் திரும்பினால், என் புத்தகம் முழுக்கப் பென்சில் எண்கள். அம்மா பஸ் ஏறி நான்சி வீட்டுக்குப் போய், அவள் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதியிருந்தாள். இசைக் குறிப்பில் ஒரு புள்ளி தெரியாதவள்! உட்கார்ந்து வாசித்தேன். விரல்கள் தாமாக வழி கண்டுபிடித்தன. ஓரிடத்தில் மட்டும் நின்றுவிட்டேன்.

"அம்மா, பதினேழாவது விரலுக்கு நான் எங்க போறது?"

"அதுல அப்படித்தான்டி போட்டிருந்துச்சு. கால் விரலையும் சேத்துக்குவாங்களோன்னு நெனச்சேன்."

அது விரல் எண்ணே இல்லை; பாட்டில் பதினேழாவது தாளக்கட்டு எது என்று தெரிவதற்காக அச்சிட்ட எண். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

தேர்வில் தேறிவிட்டேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் இன்னும் வாய் வரவில்லை. இந்தப் பத்திரிகையை அவள் ஒரு வரி விடாமல் படிப்பாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.