பின்னாலிருந்து கூப்பிடுபவர்

வீரர்கள் ஷூ கயிற்றைக் கட்டக் குனியும் நேரம் பார்த்து, சத்தமில்லாமல் பின்னால் போய் நிற்பார். பிறகு, "இங்க பாரு" என்பார். கழுத்து மட்டும் திரும்பினால் சரி. தோளும் சேர்ந்து திரும்பினால் பேனாவை மூடிவிடுவார்.

மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தின் மருத்துவர் அவர். கழுத்தில் அடிபட்டவர்கள் மறுபடி மெத்தையில் இறங்க அவர் கையெழுத்து வேண்டும். ஸ்கேன் பார்ப்பதும், நெற்றியில் உள்ளங்கையை வைத்து "தள்ளு, என்னைத் தள்ளு" என்று பலம் பார்ப்பதும் எல்லா மருத்துவரும் செய்வதுதான். பின்னாலிருந்து கூப்பிடுவது அவருடைய வித்தை. வீரர்கள் அவருக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை. யாராவது வாசலில் தயங்கினால், "வா வா, முட்டுக்கட்டை உள்ளதான் இருக்கு" என்பார்.

தூக்கம், தலையணையின் உயரம், விரல் மரத்துப்போகிறதா என்று எல்லாம் விசாரிப்பார். "வலிக்குதா?" என்று மட்டும் கேட்கமாட்டார்.

அன்று வந்த பெண்ணுக்குத் தேர்வுப் போட்டி நான்கு நாளில். வயது வரம்பின்படி அதுதான் கடைசி வாய்ப்பு. நெற்றியாலேயே அவரை ஓரடி பின்னுக்குத் தள்ளிவிட்டு, நீங்கள்தான் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்று கேலி செய்தாள். அவரும் சிரித்தார். அவள் ஷூவுக்குக் குனிந்ததும் கூப்பிட்டார். தலைக்கு முன்னால் இடது தோள் வந்தது.

பேனா மூடப்படுவதை அவள் பார்த்தாள்.

"வலியே இல்ல சார். ஒரு தடவ கேட்டுத்தான் பாருங்களேன்."

"கேட்டா இல்லம்ப. நானும் நம்பிருவேன்மா."

கையெழுத்தில்லாத தாளை எடுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தவில்லை. ஒருவேளை கழுத்து ஆறியிருந்து, தோள் வெறும் பழக்கத்தில் திரும்பியிருந்தால்? இந்தக் கேள்வி அவரை விட்ட நாளில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒருவன், "துளிகூட வலி இல்ல சார்" என்றான். நம்பிக் கையெழுத்துப் போட்டார். தாளோடு வெளியே போனவனை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். முழு உடம்போடு திரும்பினான். அவர் அதைப் பார்த்தார். கூப்பிட்டுத் தாளைத் திரும்ப வாங்கியிருக்கலாம். நாளைக்கு இறுதிப் போட்டி, பையன் ஆசையாக இருக்கிறான் என்று வாயை மூடிக்கொண்டார். மறுநாள் இரண்டாவது சுற்றில் அவன் தலைகுப்புற விழுந்தான்.

இப்போது அவன்தான் பயிற்சிக்கூடத்தின் பொருள் அறையைப் பார்த்துக்கொள்கிறான். கழுத்து திரும்பாது. வலது கைவிரல்கள் மடங்காது.

அந்தப் பெண் வந்துபோன அன்று மாலை அவர் தன் அறைச் சாவியைக் கொடுக்கப் போனபோது, அவன் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இடது கையால் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அவர் கொடுக்கவில்லை. மெத்தைகளையும் துணி மூட்டைகளையும் தாண்டி, அறையைச் சுற்றிக்கொண்டு போய், அவன் முகத்துக்கு நேராக நின்று, இடது கைப் பக்கமாகச் சாவியை நீட்டினார்.