கண்டரமாணிக்கத்திலிருந்து வரும் பதில்

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காலைப் பூசைக்குப் போய்வந்து, சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அந்த வேலைக்கு உட்காருவேன். காரைக்குடியில் அந்த நேரத்துக்குத் தெருவில் நாய்கூட நடமாடாது.

கணினியின் அடித்தளத்தில் இருந்துகொண்டு மற்ற மென்பொருள்களையெல்லாம் இயக்குகிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். பல நாட்டு ஆட்கள் ஒன்றுசேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஒரு கெர்னலில் எனக்கும் சின்னப் பங்கு உண்டு. கல்லூரியில் பாடம் எடுப்பது பிழைப்பு. இது அதற்கு வெளியே உள்ள சங்கதி. புதிய பதிப்பு முழுதாக வெளிவருவதற்கு முன்னால் அதன் சோதனைப் பதிப்புகளை வெளியிட்டு, சோதனை செய்பவர்களுக்கு மின்னஞ்சலில் அறிவிக்க வேண்டும். அதுதான் என் பொறுப்பு.

அறிவிப்பில் பெரிதாக ஒன்றும் இருக்காது. என்னென்ன மாறியிருக்கிறது என்று சில வரிகள். இது சோதனைக்கு மட்டும், முக்கியமான கணினிகளில் போட வேண்டாம் என்று ஒரு எச்சரிக்கை. ஏதாவது உடைந்தால் சொல்லுங்கள் என்று ஒரு வேண்டுகோள். அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன். ஒவ்வொரு நாட்டிலிருந்தாக, ஓடுகிறது, ஓடவில்லை என்று பதில்கள் வரத் தொடங்கும்.

முதல் பதில் பெரும்பாலும் ஒருவருடையதாகவே இருக்கும். செய்த கம்பெனியே கைவிட்டுவிட்ட ஒரு பழைய வகைக் கணினியில் அவர் சோதித்துச் சொல்வார். அந்த வகை எங்கள் குழுவில் வேறு யாரிடமும் இல்லை. ஒருமுறை அவருடைய பதில் தாமதமாக வந்தது. ஊரில் தேரோட்டம், நாள் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். எந்த ஊர் என்று தனியாகக் கேட்டேன். கண்டரமாணிக்கம் என்றார். வெகுநாளாக எங்கேயோ கடல் கடந்து இருக்கிறார் என்று நினைத்திருந்த மனிதர், நான் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு சிலமுறை சந்தித்தோம். சென்னையில் வேலை பார்த்துவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியவர். ஆபீஸில் ஏலம் விட்டபோது அந்தப் பழைய கணினியை எடுத்து வந்திருக்கிறார். என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணே என்று கூப்பிட்டேன். அதிகம் பேச மாட்டார். புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, “எப்படிண்ணே அவ்வளவு சீக்கிரம் பதில் போடுறீக?” என்று கேட்டேன்.

“நான் எங்க போடுறேன்? நீங்க வெளியிட்டதும் அந்த மெஷினே பாத்து எடுத்துக்கிரும். அதுவே ரெடி பண்ணி, அதுவே அணைஞ்சு, புதுசுல எந்திரிக்கும். எந்திரிச்சா எம் பேர்ல மெயிலும் போட்டுரும். நான் வயக்காட்டுல நிப்பேன்,” என்றார்.

போன வருஷம் கோடையில், அந்த வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்குப் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவியை அன்றுதான் முதலில் பார்த்தேன். இன்னாரென்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவள். என் போன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த சோதனைப் பதிப்பை வழக்கம்போல ஒரு ஞாயிறு மதியம் அறிவித்தேன். அனுப்பிவிட்டு வெளியே காயப்போட்டிருந்த துணிகளை எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் முதல் பதில் வந்திருந்தது. அவர் பெயர். அவருடைய வழக்கமான இரண்டு வரி. கணினி பூட் ஆகி எழுந்தது, புதிய கோளாறு எதுவும் இல்லை.

கையில் இருந்த துணியோடு அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன ஆச்சு?” என்று கேட்டார். காட்டினேன்.

“மெஷின்தானே அனுப்புது?”

“மெஷின்தான்.”

“பெறகென்ன?”

பிறகு ஒன்றும் இல்லைதான். எனக்கு விளங்காத விஷயம் இல்லை அது. அணைக்காமல் விட்ட ஒரு கணினி, சொல்லி வைத்ததைச் செய்கிறது. ஆனால் மனசு அதைக் கேட்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் அந்த மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டிருந்தார். அவர் இறந்துவிட்டார் என்று நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இறந்தவர்களின் ஆன்மாவுக்காகத் தினமும் ஜெபம் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் நான். நாங்கள் அவர்களை நோக்கிப் பேசித்தான் பழக்கம். அங்கிருந்து யாரும் பதில் சொன்னதில்லை.

அடுத்த பதிப்புக்கும் வந்தது. அதற்கடுத்ததற்கும். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போதே, வராமலிருக்க வேண்டும் என்று நினைப்பேன். கொஞ்சம் தாமதமானால், ஐயோ வரவில்லையே என்றும் இருக்கும். இது சரிப்படாது, போய் அணைத்துவிடச் சொல்லலாம் என்று முடிவு செய்து ஒரு சனிக்கிழமை கண்டரமாணிக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவர் மனைவி தனியாக இருந்தார். நான் வந்த காரணத்தைச் சொல்வதற்கு முன்னாலேயே, தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, நீங்க வேதக்காரவுக. உங்களுக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இருக்குமா என்னன்னு தெரியலை. யார்கிட்டயும் சொல்லலை. மகள்கிட்டகூடச் சொல்லலை. உங்ககிட்டச் சொல்லணும்போல இருக்கு.”

“சொல்லுங்கக்கா.”

“அவுக வர்றாக.”

செம்பைக் கீழே வைத்தேன்.

“அந்த ரூமு பூட்டித்தான் கெடக்கு. வருஷம் திரும்புற வரைக்கும் அவுக சாமான் எதையும் எடுக்கக்கூடாதுன்னு பங்காளிக சொல்லிட்டாக. நானும் உள்ள போகலை. ஒரு ஞாயித்துக்கெழமை மதியம் படுத்திருக்கேன். உள்ள காத்தாடி சுத்துற சத்தம். உய்யின்னு ஏறுது. அவுக வேலை பாக்குறப்ப கேக்குமே, அதே சத்தம். ரொம்ப நேரம் ஓடுச்சு. அப்புறம் நின்னுருச்சு. ஒரு பீப் சத்தம். கதவு இடுக்கு வழியா வெளிச்சம் தெரியுது. எந்திரிச்சுப் போக எனக்குக் காலு வரலை.”

“எப்பெல்லாம் வருதுக்கா?”

“ஞாயித்துக்கெழமைதான். எல்லா ஞாயிறும் இல்லை. சில வாரம் வர்றாக, சில வாரம் வரலை. மொதல்ல பயந்து வெளிய ஓடி, அங்குட்டு வேப்பமரத்தடியில போய் நின்னேன். அப்புறம் என்னத்துக்குப் பயப்படணும்னு தோணுச்சு. இப்ப சத்தம் கேட்டா காபி போட்டுக் கதவுக்கு முன்னாடி வைக்கிறேன். ஆறிப்போனதும் எடுத்து செடிக்கு ஊத்திருவேன்.”

அவர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கணினி அணைக்கப்படவில்லை. வேலை ஏறினால் அதற்குள் இருக்கும் சின்னக் காத்தாடி சுற்றும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்கிறது. அம்மாவோடு வீடியோ காலில் பேச வேண்டும் என்று மகள் இன்டர்நெட் கட்டணத்தை விடாமல் கட்டிவருகிறாள். நான் அறிவிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அண்ணன் வந்திருக்கிறார். காரைக்குடியில் நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து ஒரு பொத்தானை அழுத்துகிறேன். இங்கே பூட்டிய அறைக்குள் ஒரு மனிதர் எழுந்து உட்காருகிறார்.

சொல்லாமலே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அக்கா காபி வைக்கிறாரே, அதை ஏன் கெடுக்க வேண்டும். ஆனால் சொல்லாவிட்டால், அடுத்த ஞாயிறு அந்தப் பொத்தானை எந்த மனதோடு அழுத்துவேன்? மெதுவாகச் சொன்னேன். கெர்னல் என்றால் என்ன, சோதனைப் பதிப்பு என்றால் என்ன, அண்ணன் அதில் என்ன செய்துவந்தார் என்று எல்லாவற்றையும்.

முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

“நம்ம வயக்காட்டு போர்வெல் மோட்டாருக்கு இங்கேருந்து போன் போட்டா அங்குட்டு ஓடுதே, அது மாதிரியா?”

“அது மாதிரிதான்க்கா.”

“அப்ப இத்தனை நாளும் வந்தது நீங்கதானா?”

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, அந்தக் கதவைத்தான் அப்படிப் பார்த்திருப்பார் என்று தோன்றியது. எனக்கே என்மேல் ஒரு பயம் வந்தது.

சாவியை எடுத்து வந்து அறையைத் திறந்தார். ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் அடைசல் வாடை. நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு கிடந்தது. நான் விசைப்பலகையைத் தட்டியதும் திரை வெளிச்சமானது. கடைசியாக அனுப்பிய பதிலின் வரிகளும், கீழே அவர் பெயரும். அவர் மனைவிக்கு அந்த ஆங்கிலம் படிக்க வந்தது. பெயரை விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“அணைச்சிரவா?” என்று கேட்டேன்.

“வேணாம். ஓடட்டும்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டுருங்க. திடுக்குனு இருக்கு.”

ஊருக்குத் திரும்பியதும் குழுவுக்கு எழுதினேன். அவர் இறந்துவிட்டார், அவருடைய கணினி இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறது, குடும்பத்தார் அதை அணைக்க விரும்பவில்லை என்று. எங்கெங்கோ இருந்து வருத்தம் தெரிவித்து எழுதினார்கள். அந்தப் பதில்களை நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் கண்டரமாணிக்கத்துக்குப் போன் போடுவேன். “அனுப்பப் போறேன்க்கா” என்பேன். “சரி, அனுப்புங்க” என்பார். அவ்வளவுதான் பேச்சு. காபியைப் பற்றி நான் கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயம் ஒரு ஞாயிறு. அறிவித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு நாடுகளிலிருந்து பதில்கள் வரத் தொடங்கின. எல்லாம் ஓடுகிறது என்றன. அவருடையது வரவில்லை. போன் அடித்தது.

“தங்கச்சி, இன்னும் வரலை.”

“என்னக்கா வரலை?”

“காத்தாடி சுத்துச்சு. நின்னுச்சு. பீப்பும் கேட்டுச்சு. அதுக்கப்புறம் காத்தாடி மெதுவாச் சுத்தும், வெளிச்சம் ரெண்டு தடவை மாறும், அப்புறம் அடங்கிரும். இன்னைக்கு அடங்கலை. அப்படியே நிக்குது. திரையில எழுத்தா கெடக்கு. அவுகளுக்கு முடியாம வந்துச்சே, அன்னைக்கும் இப்படித்தான் எந்திரிக்காம…”

வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு ஸ்கூட்டரிலேயே கிளம்பினேன். அண்ணனின் மனைவி அந்த அறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே, புதிய கெர்னல் எழுந்த வேகத்தில் நிலைகுலைந்து நின்றிருந்தது. திரையில் கிடந்த வரிகளை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பழைய பதிப்பைப் போட்டு எழுப்பினேன். எழுந்தது. அந்தக் காத்தாடி மெதுவாகி, வெளிச்சம் மாறி, அடங்கிய பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

நினைவகத்தை ஒதுக்கும் பகுதியில் யாரோ செய்திருந்த ஒரு திருத்தம்தான் காரணம். புதிய கணினிகளில் அந்தக் கோளாறு எப்போதாவதுதான் தலைகாட்டும், தலைகாட்டினால் கோப்புகளைப் பாழாக்கும். பழைய கணினியில் உடனே தெரிந்துவிட்டது. கண்டுபிடிக்காமல் முழுப் பதிப்பையும் வெளியிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று குழுவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். திருத்தியாயிற்று. எங்கள் வழக்கப்படி, கோளாறைத் தெரிவித்தவர் பெயரைத் திருத்தத்தோடு சேர்த்துப் போட வேண்டும். போன் போட்டேன்.

“அக்கா, கோளாறைச் சொன்னவுக பேரைப் போடணும். யார் பேரைப் போட?”

“அவுக பேரைத்தான்.”

“அவுக மெயில் வரலையேக்கா. நீங்கதானே போன் போட்டுச் சொன்னீக.”

“அப்ப எம் பேரைப் போடுங்க,” என்றார். “இனிஷியலோட போடுங்க.”

அப்படியே போட்டேன். அடுத்த சோதனைப் பதிப்பின் அறிவிப்பில் அவர் பெயர் இருந்தது. அன்றைக்கு “சரி, அனுப்புங்க” என்ற பிறகும் அவர் போனை வைக்கவில்லை. அறைக்குள் எடுத்துப்போய் மேசைமேல் வைத்திருக்க வேண்டும். நான் அனுப்பினேன். சற்று நேரத்தில், உய்யென்று காத்தாடி ஏறும் சத்தம் என் காதில் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் முதல்தடவையாகக் கேட்கிறேன். வெகுநேரம் ஓடியது. நின்றது. பீப் என்றது. பிறகு என் திரையில் அண்ணனுடைய இரண்டு வரி வந்து விழுந்தது.

“வந்துருச்சா?” என்றார்.

“வந்துருச்சுக்கா.”

“சரி, வச்சிர்றேன்.”

வருஷத் திதி முடிந்துவிட்டது. பங்காளிகள் அறையைக் காலி செய்யச் சொன்னதாகவும், தான் முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் அக்கா சொன்னார். கண்டரமாணிக்கத்துப் பதிலைப் பார்த்து இப்போது எனக்கு நடுக்கம் வருவதில்லை. மற்ற பதில்களைப் பார்த்துத்தான். ஒரு குளிர்நாட்டிலிருந்து வெகுகாலமாக ஒருவர் சோதித்துச் சொல்லிவருகிறார். பழைய பதில்களைத் தேடிப் படித்தேன். முன்பெல்லாம் ஓரிரு வார்த்தை கூடுதலாக எழுதியிருக்கிறார், பனி அதிகம் என்றோ, தோள்வலி என்றோ. அது நின்று வெகுநாளாகிவிட்டது. இப்போது வருவதெல்லாம் ஓடுகிறது என்ற ஒரே வரி. எழுத்து மாறாமல், இடைவெளிகூட மாறாமல்.

அவருக்குத் தனியாக எழுதினேன். நலமாக இருக்கிறீர்களா, வீட்டில் எல்லோரும் சுகமா என்று. பதில் இல்லை. போன ஞாயிறு சோதனைப் பதிப்பை அறிவித்தேன். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து வந்துவிட்டது. ஓடுகிறது என்று.