ஏழுமலையின் முன்பல்லும் ஒடியாத கம்பியும்

பல் வைத்தியரிடம் எவரும் கடைசியாகத்தான் வருவார்கள். கிராம்பு, உப்புத் தண்ணீர், மச்சான் சொன்ன பொடி எல்லாம் தோற்ற பிறகு. பெரிய டாக்டருக்குக் கீழே சின்ன டாக்டராக அவதிப்படும் என் இனத்தாரே, பழவேற்காட்டில் நான் பட்டதைக் கேளுங்கள்.

இரவல் கேட்க முடியாத கருவி

லைட்ஹவுஸ் குப்பத்து ஏழுமலை அண்ணன் கிழிந்த வலைகளைச் சரிபண்ணுகிறவர். நைலான் நூலைக் கடித்துக் கடித்தே மேல் முன்பல் பாதிக்குமேல் உடைந்துபோய் வந்தார். "எப்படியாவது காப்பாத்து சார். கழட்டி மாட்டற பல்லு வேணாம். எங்க நைனா தும்முனதுல அவரோடது ஏரியில உழுந்துச்சு" என்றார். வேர் சிகிச்சை முடித்தேன். மிச்சமிருந்த வேருக்குள் ஒரு கம்பி நட்டு, அதன்மேல் கேப் போட்டால்தான் பல் நிற்கும். "இனிமே நூலைக் கத்தியால அறுங்களேன்" என்றேன்.

"கத்தி வெச்சினு இருந்தா பக்கத்துல குந்தினு இருக்கறவன் இரவல் கேப்பான் சார். பல்லை எவன் கேப்பான்?"

பலப்பரீட்சை

கம்பியில் இரண்டு வகை. உலோகம் வளையாது, கடிக்கிற அழுத்தமெல்லாம் வேரில் இறங்கி, ஒருநாள் அதைப் பிளந்துவிடலாம். கண்ணாடி இழையாலான ஃபைபர், பல்லைப் போலவே லேசாக நெகிழும். தோற்றாலும் பெரும்பாலும் தான் மட்டும் கழன்றுவரும். வேர் பிழைக்கும், மறுபடி நடலாம்.

இதை என் மெதுவான குரலில் பாதி சொல்வதற்குள் பெரிய டாக்டர் இரண்டையும் எஃகுத் தட்டில் போட்டார். உலோகம் 'டிங்' என்றது. ஃபைபர் வாயே திறக்கவில்லை. ஆராய்ச்சி முடிந்தது. "எது ஸ்ட்ராங்குன்னு கேட்டுச்சா?" என்றார். அண்ணன் 'டிங்'குக்குத் தலையாட்டினார். அவர் மனைவி வசந்தா அக்காதான் முணுமுணுத்தார்:

"கடல்ல போற போட்டே ஃபைபரு. இவுரு வாயில இன்னா புயலா அடிக்குது?"

கரையில் கண்காட்சி

உலோகக் கம்பியே நட்டு, கேப் போட்ட சில வாரத்தில் நண்டு வாங்கக் குப்பத்துக்குப் போனேன். அங்கே கூட்டம். நடுவில் அண்ணன், நண்டுக் கொடுக்கை முன்பல்லால் உடைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பதறிப்போய்த் தடுத்தேன்.

"உள்ள கம்பி கீது சார்! பல்லு என்னுது, நீ இன்னாத்துக்கு நடுங்கற?"

எக்ஸ்ரே

சில நாளிலேயே அண்ணன் உதடு வீங்கி வந்தார். எக்ஸ்ரேயில் கம்பி கொடிமரம் போல நின்றது. வேர்தான் நீளவாக்கில் பிளந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பெரிய டாக்டர் பிடுங்கினார். கம்பியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து, "பாருங்க, ஒரு கீறல் இல்ல!" என்று பூரித்தார். அண்ணன் வாயில் பஞ்சு. அக்காதான் பதில் சொன்னார்:

"சாவு ஊட்டுக்கு வந்து பாடை நல்லா கெட்டியா கீதுன்னு மெச்சற மாதிரி கீது டாக்டரே."

எந்தக் கம்பி பலமானது என்று இப்போது யாராவது கேட்டால், பல்லைப் பிளந்துவிட்டுத் தான் மட்டும் பிழைத்துக்கொள்வதுதான் என்று சொல்லிவிடுகிறேன்.