செருப்போரம் நின்ற குட்டைத் துப்பாக்கி

காலை ஏழே கால். அப்பா வேலை பார்த்த ஆவடி தொழிற்சாலையின் சங்கு மற்ற நாட்களில் அந்த நேரத்துக்குத் திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு வரை கேட்கும். ஆயுத பூஜை விடுமுறை என்பதால் அன்று ஊதவில்லை. கூடத்துக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது பூஜைப் பலகையை. சுத்தியல், ஸ்பேனர்கள், அம்மாவின் அரிவாள்மனை, என் ஜியாமெட்ரி பாக்ஸ். எல்லாவற்றுக்கும் பின்னால், நீளவாக்கில், அப்பாவின் ஏர்கன். அதன் மரக்கட்டையில் மூன்று இடங்களில் சந்தனம், குங்குமம். அடுத்துப் பார்த்தது வாசலை. அங்கே செருப்புகளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, சித்தப்பாவின் ஏர்கன் நின்றது. அதற்குப் பொட்டு இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினொரு வயது.

துப்பாக்கி என்றதும் யாருக்கும் நினைவில் வரும் வடிவம்தான் அப்பாவுடையது. நீளமான குழல், பின்னால் பளபளக்கும் மரக்கட்டை. ஓய்வுபெற்று ஊருக்குப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கட்டைக்கு எண்ணெய் போட்டுத் துணியால் தேய்ப்பார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்டு ரேங்க் கார்டை நீட்டலாம், பார்க்காமலே போட்டுவிடுவார்.

சித்தப்பா பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். பழைய பேப்பர் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் பார்த்தார். அந்தத் துப்பாக்கியில் விசை முன்னால் இருந்தது, இயந்திரம் பின்னால் இருந்தது. அந்த வகைக்கு புல்பப் என்று பெயர் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. காயலாங்கடையில் கட்டை உடைந்த ஓர் ஏர்கனை வாங்கிவந்து, நான்கு மாதம் உட்கார்ந்து அதே மாதிரி செய்தார். பின்கட்டை கிடையாது. காற்றடைக்கும் இரும்பு உருளையே தோளில் முட்டும். அதன்மேல் கன்னத்தை வைத்துக் குறிபார்க்க வேண்டும். சுட்டால் உள்ளே ஸ்பிரிங் அதிர்வது பல்லில் தெரியும். குழல் அதே நீளம்தான். மொத்தத்தில் முக்கால் அடி குறைவு. அந்த முக்கால் அடி எனக்காகக் குறைந்தது. அப்பாவின் துப்பாக்கியைத் தோளில் வைத்தால் என் விரல் விசைக்கு எட்டாது. சித்தப்பா என் கையை அளந்து பார்த்துத்தான் கைப்பிடியைப் பொருத்தினார்.

அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இன்னாடா இது, அடிபம்புக்குக் கைப்பிடி ஒடிஞ்ச மாதிரி கீது. துப்பாக்கின்னா மூஞ்சி ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் இருக்கணும்."

"உன்து பின்னால முக்கா அடி சும்மா மரம், அண்ணாத்தே. அது இன்னா வேல செய்யுது? பென்ஷன் வாங்கிகினு கீது."

"உன்து இன்னிக்கு இழுத்தா நாளைக்குச் சுடும்."

இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. முன்னாலிருக்கும் விசையைப் பின்னாலிருக்கும் இயந்திரத்தோடு ஒரு மெல்லிய கம்பி இணைத்தது. அழுத்துவதற்கும் வெடிப்பதற்கும் நடுவில் ஒரு தயக்கம் இருக்கும். அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அன்று காலை வாசலைப் பார்த்ததும் நேராக அப்பாவிடம் போனேன்.

"செருப்புக்குப் பக்கத்துல வெக்கறதுக்கு அது இன்னா தப்பு பண்ணுச்சு?"

"அது ஆயுதமே இல்ல. காயலாங்கடைச் சாமான்."

"சுட்டுக் காட்டவா?"

சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஆளுக்கு அஞ்சு தீப்பெட்டி, அஞ்சு குண்டு என்றார். குட்டைத் துப்பாக்கி ஜெயித்தால் பலகையில் வைப்பார். தோற்றால் மறுநாளே காயலாங்கடைக்கு. சித்தப்பா எழுந்தார். நான் முந்திக்கொண்டு துப்பாக்கியை எடுத்தேன். என் கைக்குச் செய்தது, நான்தான் சுடுவேன் என்றேன்.

வீட்டின் பின்புறம் செங்கல் சுவர். அதன் முன்னால் ஒரு பலகையில் தீப்பெட்டிகள். பொரி நமுத்துப்போகிறது என்று உள்ளேயிருந்து அம்மா இரண்டு முறை சொன்னாள். சந்தனப் பொட்டோடு தன் துப்பாக்கியை எடுத்துவந்த அப்பா நான்கு பெட்டிகளை வீழ்த்தினார். நான் மூன்று.

அப்பா கையை நீட்டினார். "குடு."

"தர மாட்டேன்."

"பேச்சுன்னா பேச்சுதான்."

"உன் பேச்சு. நான் ஒண்ணும் பேசல." இன்னொரு முறை சுடக் கேட்கலாம் என்று ஆறாவது குண்டைப் போட்டு, குழலைத் தரைக்குச் சாய்த்தபடி துப்பாக்கியை இடுப்போடு அணைத்துக்கொண்டேன்.

அப்பா தாத்தா பக்கம் திரும்பினார். அப்பாவின் அப்பா அவர். துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் வேட்டைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த ஆண்டையிடம் கூலி வேலை செய்த காலத்தில், அவரோடு வாத்து வேட்டைக்குப் போவாராம். எங்கள் தாத்தா வேட்டைக்காரர் என்று வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"நைனா, நீயே சொல்லு. எது துப்பாக்கி?" தன்னுடையதை அவர் கையில் கொடுத்தார் அப்பா.

தாத்தா எப்போதும் போல வாங்கினார். எழுந்து நின்று, இரண்டு கைகளிலும் ஏந்தி, குழல் வானத்தைப் பார்க்க, உடம்பில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்தபடி நின்றார். யாரோ வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பது போன்ற நிற்பு. சுடு தாத்தா என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நமக்கு எதுக்கு என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வயதானதில் பிடிக்கிற விதம் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றும் அப்படியே திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "அத்தக் குடு பாப்பா."

அப்பாவுக்குத் தராததை அவருக்குக் கொடுத்தேன். அதையும் அவர் இரண்டு கைகளில் ஏந்தப் பார்த்தார். நடுவிலிருந்த கைப்பிடி முழங்கையில் இடித்தது. திருப்பினார். பின்கனம் இழுத்துச் சரிந்தது. அந்தத் துப்பாக்கியை அப்படிப் பிடிக்க வழியே இல்லை. கடைசியில் அது உட்கார்ந்த இடம் அவருடைய வலது தோள்.

"குண்டு கீதா?"

"கீது."

"தள்ளி நில்லு."

கன்னத்தை இரும்பில் வைத்தார். சுட்டார். என் தீப்பெட்டிகளில் மிச்சமிருந்த இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

கன்னத்தை அவர் உடனே எடுக்கவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் உள்ளே போய், பலகையில் ஒரு சாண் இடம் ஒதுக்கி, குட்டைத் துப்பாக்கியை வைத்தார். அப்பா தடுப்பார் என்று, சண்டைக்குத் தயாராகப் பின்னாலேயே போனேன். அப்பா சந்தனக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஜெயித்த தைரியத்தில் நான் சொன்னேன்: "வாத்தயே சுட்டவன் நீ, ஒரு தீப்பெட்டி உழலயே தாத்தா?"

சித்தப்பா என் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். எதற்கென்று கேட்டுக் கத்தினேன். விசையின் தயக்கத்தை மறைக்கத்தான் குட்டினார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் ஆண்டையின் துப்பாக்கியைச் சுமந்து நின்றதுதான் அவர் போன வேட்டை. தாத்தாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. அது அவர் சுட்ட முதல் குண்டு.