வேலி தாண்டாத கீபோட்

சூடேறிய அடாப்டரின் பிளாஸ்டிக் வாடையும், வாப்பாவின் பழைய சாறனில் ஊறியிருந்த சவர்க்கார வாடையும் சேர்ந்ததுதான் எனக்கு இசையின் முதல் மணம். கட்டாரிலிருந்து மாமா என் தம்பிக்கென்று கொண்டுவந்த சின்னக் கீபோட்டை அவன் ஒரு கிழமையில் அலுத்துப்போய்க் கட்டிலுக்கடியில் தள்ளிவிட, நான் அதை இழுத்தெடுத்தேன். உம்மா அதன் ஸ்பீக்கர் மேல் அந்தச் சாறனை மடித்துப் போட்டு, "சத்தம் வேலியத் தாண்டப்படா, புள்ள" என்று ஒரே ஒரு சட்டம் வைத்தார்.

கல்முனைப் பசாரில் பிடவைக்கடை வைத்திருந்த வாப்பா கடுமையானவர் அல்ல. ஆனால் 'குமர்', கல்யாணமாகாத பெண்பிள்ளை, இருக்கிற வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வருகிறதென்று கடைக்கு வருகிற யாராவது அவர் காதில் போட்டுவிடுவார்களே என்ற பயம் உம்மாவை விட்டுப் போகவேயில்லை. அதனால் பின்னேரங்களில், வாப்பா கடையடைத்து வருவதற்கு முன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். சரியாக அந்த நேரம் பார்த்து மஃரிபுத் தொழுகை நேரம் வந்துவிடும்.

தொழுகைக்கு அழைக்கும் 'வாங்கு' கேட்டால் எங்கள் வீடுகளில் எல்லாம் நிற்கும். ரேடியோவை அணைப்பார்கள், கதை பாதியில் நிற்கும், உம்மா முக்காட்டை இழுத்துவிடுவார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்கள் ஊரில் பள்ளிவாசல்கள் கிட்டக்கிட்ட இருந்தன; பெரிய பள்ளியின் வாங்கு முடிந்ததென்று நான் விரலை வைத்ததும் எங்கள் சந்திலிருந்த ஒழுங்கைப் பள்ளியில் தொடங்கும், அதுவும் ஓய்ந்ததென்று வைத்தால் கடற்கரைப் பள்ளி. ஒவ்வொரு நாளும் முந்திக்கொண்டு மாட்டுப்படுவேன். "கொஞ்சம் பொறு மகள், அவசரப்படாத" என்று குசினியிலிருந்து உம்மாவின் குரல் வரும். கடைசியில் எரிச்சல் தாங்காமல் அந்தக் காத்திருப்பையே பாட்டுக்குள் சேர்த்துவிட்டேன். நாலு சுரம் வாசிப்பேன், கையை உயர்த்தியபடி நிற்பேன், கேட்பேன், பிறகு அடுத்த நாலு.

இன்று கொழும்பில் வயலின் குழுக்களுக்கும் படங்களுக்கும் இசை எழுதிப் பிழைக்கிறேன். என் கையெழுத்தென்று ஏதாவது இருந்தால் அது இந்த இடைவெளிதான், என் தலையிடியும் அதுதான். "அக்கா, இந்த இடத்தில ஒண்டுமே இல்லியே, பாக்கிறவன் நித்திரையாகிருவான்" என்று சொல்லாத இயக்குநரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் இப்போது வேலி இல்லை, எல்லாம் மதில். எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நேரத்தில் ஒரே வாங்குதான். போன பெருநாளுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் கேட்காத உம்மா, "நீ என்னதான் செய்யிறாய், ஒருக்காப் போட்டுக் காட்டு" என்றார். உம்மாவுக்குப் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. இது என் மகளுடையது என்று ஒருமுறை அவருக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

நான் இசை எழுதி அன்றுதான் வெளியாகியிருந்த படத்திலிருந்து, மகனைப் பறிகொடுத்த தாய் வாசலில் நிற்கும் காட்சியைப் போனில் போட்டேன். இயக்குநர் என் இசையில் கை வைக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தார். ஆனால் நான் விட்ட அத்தனை இடத்திலும் மேளத்தையும் புல்லாங்குழலையும் தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோல அடைத்திருந்தார்கள். உம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இரிக்கி. ஆனா இது நீ வாசிக்கிறதில்லியே? நீ நிண்டு நிண்டுதானே வாசிப்பாய்" என்றார்.

"ஓம் உம்மா, இது நான் இல்ல."

"அப்ப உன்டயப் போடு."

என்னுடையதென்று போனில் இருந்தது ஒரு மண்டபத்தில் பதிவான வயலின் கச்சேரி மட்டும்தான். வேறு வழியில்லாமல் அதைப் போட்டேன். முதல் இடைவெளி வந்ததும், முடிந்துவிட்டதென்று நினைத்துச் சனங்கள் கைதட்டினார்கள். அடுத்த இடைவெளியிலும் தட்டினார்கள். போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்த உம்மா முகத்தைச் சுளித்தார்.

"இவங்க என்னத்துக்குக் குறுக்கால குழப்புறாங்க? எங்கட புள்ள இன்னும் வாசிச்சிட்டுத்தானே இரிக்கா."